முப்பத்தேழாவது கண்ணி

ஐந்து நாள் நிலம் அளக்கிறவள்
ஆறாம் நாள் காசு கொடுத்து
அளவுச் சங்கிலியைப் பார்க்கப் போகிறாளாம்.
தில்ஷாத் சிரித்தபடியே வண்டியை எடுத்தாள்.

சேலத்து அருங்காட்சியகம்.
முற்றத்து நடுகற்களில் வாள் ஓங்கி நின்றவர்கள்
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கவில்லை.
உள்ளே மின்விசிறி மட்டும் வேலையில் இருந்தது.
பின்னறைக் கண்ணாடிக்குள் சுருண்டு கிடந்த சங்கிலிக்கு
ஓர் அட்டை:
‘சேர்வராயன் மலைக்கு வழி கண்ட துரையின் கருவி.’
கண்டாராம்.
காணாமல் போயிருந்ததா வழி?

எண்ணுவது என் தொழில், கொஞ்சம் வியாதியும்.
நூறு கண்ணி ஒரு சங்கிலி.
முப்பத்தேழாவது மட்டும் வேறு இரும்பு.
தடித்து, கறுத்து, சுத்தியல் தடம் மாறாமல்.
ஏதோ பாறையில் சிக்கி அறுந்திருக்கும்.
அடிவாரத்துக் கொல்லுப்பட்டறையில்
உலை ஊதி ஒருவன் செய்து மாட்டியிருப்பான்,
அரை விரல் நீளம் கூட்டி.
அதற்குப் பிறகு அளந்ததெல்லாம்
சங்கிலிக்கு அரை விரல் குறைச்சல்.
மலை அப்படியேதான் நின்றது.
காகிதத்தில்தான் இளைத்துப்போனது.

“இப்பத்தான் உங்க ஆபீஸ் புரியுது” என்றாள் தில்ஷாத்.

அஸ்தம்பட்டியில் ஆளுக்கொரு தட்டுவடை செட்.
பழைய வரைபடத்தின் நகல் என் மடியில்,
சட்னிக் கறையோடு.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
புள்ளிக்கோட்டுப் பாதை
சாலையைக் குறுக்கே தாண்டி நேராக மேலே போனது.
அதில் குரங்குகள் மட்டும் ஏறின.
‘முதல் கூடாரம்’ என்றிருந்த இடத்தில்
மக்காச்சோளம் சுடும் தள்ளுவண்டி.
‘நீர் உண்டு’ என்றிருந்த இடத்தில்
சிமெண்டுத் தொட்டி, காலி.
‘மனிதர் இல்லை’ என்றிருந்த சரிவில்
சாமைக் கொல்லை, காவல் பரண்,
வரைபடத்தைவிட மூத்த ஒரு பலா.

ஏற்காட்டில், பங்களா ஒன்றின் முன்கூடத்தில்
துரையின் குறிப்பேடு.
ஒரே பக்கத்தைத் திறந்து பூட்டியிருக்கிறார்கள்.
மூடுபனி, காற்றின் திசை, காபிக்கு ஏற்ற மண் என்று
வலப்பக்கம் சாய்ந்த அழகான எழுத்து.
கீழே, இடம் போதாமல் நெருக்கி:
கூலி, ஆறு பேர்.
கம்பளி, நான்கு.

கழித்துப் பார்த்தோம்.
தேதி, மார்கழியில் விழுந்தது.

அடுத்த பக்கத்தில் பெயர்கள் இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
திருப்பிக் காட்ட முடியுமா என்று கேட்டதும்
காவலர் லூர்துசாமி நிஜமாகவே வருத்தப்பட்டார்:
“சாவி வெச்சிருந்த அம்மா
தருமபுரிக்கு மாத்தலாகிப் போயிட்டாங்க.
சாவியும்.”

உச்சியில் சேர்வராயன் குகைக்குள்
யாரானாலும் குனிந்துதான் போகவேண்டும்.
உயரம் அளக்க வந்தவரும் குனிந்திருப்பார்,
குறிப்பேட்டில் அது இருக்காது.
கோயிலுக்கு அப்பால் மொட்டை மேட்டில்
முக்கோணம் செதுக்கிய அளவுக்கல்.
அதன்மேல் மிளகு காய்ந்துகொண்டிருந்தது.
குப்பாயி விளக்குமாற்றால் ஓரம் கூட்டியபடி
“கல்லு வெயில நல்லாப் புடிக்கும்” என்றாள்.
இது என்ன கல் தெரியுமா என்று நான் தொடங்க,
“தெரியாம? தொலவு பாக்கற கல்லு.
எங்காளுங்க சொமந்துதான வந்துச்சு.”
எத்தனை பேர்?
“அத யாரு எண்ணுனா?
குளுருக்குப் பாதியில எறங்குனவங்களும் உண்டாம்.”
சொல்லிவிட்டு மிளகைப் புரட்டப் போனாள்.
உள்ளங்கையில் நாலு மணி வைத்துவிட்டுப் போனாள்.
காரம் பத்தாவது வளைவு வரை இருந்தது.

திங்கள்கிழமை.
அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு,
வரப்புத் தகராறு.
அங்கப்பன் பட்டாவை நீட்டுகிறார்:
“நெலம் இருக்குதுங்க மேடம்.
காயிதத்துலதான் மூணு அங்குலத்தக் காணோம்.”

நான் சிரித்திருக்கக் கூடாது.

நாடாவின் ஒரு முனை என் கையில்.
மறுமுனையில் நின்ற தினக்கூலிப் பையன்
எட்டு மாதமாக என்னோடுதான் வருகிறான்.
உன் பேர் என்னப்பா என்றேன்.
அவன் பதறிப்போய்
நாடாவை இன்னும் இறுக்கிப் பிடித்தான்:
“ஏன் மேடம்,
ஒழுங்காத்தானே புடிச்சிருக்கேன்?”